ஆங்கிலத்தில் 'குறைந்தது' என்று எழுதும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பினாங்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கில எழுத்து வகுப்பு எடுக்கிறேன். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளிலிருந்து டெக்னீஷியன்களும் லைன் லீடர்களும் வருகிறார்கள். ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப்போகும் தாதியரும் வருகிறார்கள். இவர்கள் எழுதித் தரும் தாள்களில் நான் அதிகம் திருத்துவது ஒரே வகை வாக்கியத்தை: ஏதோ ஒன்று குறைந்தது என்று சொல்லும் வாக்கியம். வேலையிடத்தில் அது இல்லாத ரிப்போர்ட்டே கிடையாது. ரிஜெக்ட் (தரத்தில் தேறாமல் ஒதுக்கப்படும் பொருள்) குறைந்தது, ஆர்டர் குறைந்தது, நோயாளிக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. மாதக்கணக்கில் பாடுபட்டு ரிஜெக்டைப் பாதியாக்கிய குழுவின் உழைப்பு, பொருந்தாத இரண்டு சொற்களால் மேலிடத்தின் கண்ணில் படாமலே போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் சொற்களுக்கு ஜோடி உண்டு. 'ஷார்ப் டிராப்' என்றால் யாருக்கும் உறுத்தாது; 'ஹெவி டிராப்' என்றால் உறுத்தும். இலக்கணப் புத்தகத்தில் இதற்கு விதி இருக்காது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலை மனப்பாடம் செய்யவும் வேண்டாம். எழுத உட்காரும் முன் தமிழிலேயே நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எது குறைந்தது? எவ்வளவு குறைந்தது? எவ்வளவு வேகத்தில்? தானாகக் குறைந்ததா, யாராவது குறைத்தார்களா? கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் முடிவாகாமல் எழுதியதால் வந்தவை. உங்கள் தாளில் எந்த அறிகுறி தெரிகிறதோ நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி: இலக்கணம் சரியாக இருக்கிறது, ஆனாலும் படிக்கிறவர் முகம் சுளிக்கிறார்

'ஹெவி டிக்ரீஸ்', 'ஸ்ட்ராங் டிராப்', 'ஹை டிக்ரீஸ்', 'மோர் டிக்ரீஸ்' ஆகிய நான்கும் நான் அடிக்கடி பார்ப்பவை. காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தமிழில் பலத்த மழை, பலத்த அடி, பலத்த வீழ்ச்சி என்று ஒரே அடைமொழி எல்லாவற்றுக்கும் ஒட்டும். மழைக்கு ஆங்கிலத்தில் 'ஹெவி' வருவதைப் பார்த்துவிட்டு வீழ்ச்சிக்கும் அதையே போடுகிறோம். 'ஹெவி' நஷ்டத்துக்குப் பொருந்தும்; 'ஹெவி லாஸஸ்' நல்ல ஆங்கிலம். 'டிக்ரீஸ்' என்ற சொல்லோடு அது சேராது. 'ஹை டிக்ரீஸ்' வருவது 'அதிகமான குறைவு' என்று மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதால்.

சரிசெய்ய, குறைவின் உருவத்தை ஒரு வரைபடமாக மனத்தில் போட்டுப் பாருங்கள். கோடு எப்படி இறங்குகிறது என்பதுதான் அடைமொழியைத் தீர்மானிக்கிறது.

கோடு திடீரென்று மடங்கி வேகமாக இறங்கினால் 'ஷார்ப்' அல்லது 'ஸ்டீப்'. இரண்டுமே 'டிராப்', 'ஃபால்', 'டிக்லைன்' மூன்றோடும் இயல்பாகச் சேரும். 'ஷார்ப்' இன்னும் தாராளமானது. 'டிக்ரீஸ்', 'ரிடக்‌ஷன்' இரண்டோடும் தயங்காமல் போகும். நமக்குப் பழகிய உதாரணம் பெட்ரோல். 2020 தொடக்கத்தில் ரோன் 95 ரகப் பெட்ரோல் லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 8 காசு. ஏப்ரலில் அது 1 வெள்ளி 25 காசுக்கு வந்தது. சில வாரங்களுக்குள் அவ்வளவு தூரம் இறங்கியதால் 'எ ஸ்டீப் ஃபால் இன் பெட்ரோல் பிரைசஸ்' என்றால் கச்சிதம்.

கோடு எப்படி இறங்கியது என்பதைவிட எவ்வளவு இறங்கியது என்பதே முக்கியமென்றால் 'சிக்னிஃபிகன்ட்', 'கன்சிடரபிள்', 'சப்ஸ்டான்ஷியல்'. இவை மூன்றும் அளவைப் பற்றிப் பேசுபவை; வேகத்தைப் பற்றி வாய் திறக்காது. 'கன்சிடரபிள்', 'சப்ஸ்டான்ஷியல்' இரண்டும் 'ரிடக்‌ஷன்' என்ற சொல்லோடு மிக நன்றாகப் பொருந்தும். 'சிக்னிஃபிகன்ட்' எல்லாரோடும் சேரும், அதனாலேயே எல்லாத் தாளிலும் எல்லாப் பத்தியிலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு வேறொரு சிக்கலும் உண்டு, பின்னால் வருகிறேன்.

அளவும் வேகமும் சேர்ந்து, பார்த்தவர் திகைக்கும் அளவுக்கு இறங்கினால் 'டிராமாட்டிக்'. மலேசியாவுக்கு 2019இல் வந்த வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் 2 கோடியே 61 லட்சம் பேர். எல்லைகள் மூடப்பட்ட 2020இல் அது சுமார் 43 லட்சம். இதற்கு 'எ டிராமாட்டிக் ஃபால் இன் டூரிஸ்ட் அரைவல்ஸ்' என்று தாராளமாக எழுதலாம். எழுதியவர் மிகைப்படுத்துகிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

மெதுவாக, ஆனால் விடாமல் இறங்கும் கோட்டுக்கு 'கிராஜுவல்' அல்லது 'ஸ்டெடி'. கூடவே 'டிக்லைன்'. மலேசியாவின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1970இல் 4.9, 2010இல் 2.1, 2022இல் 1.6. இதற்கு 'ஷார்ப் டிராப்' என்று எழுதினால் ஏதோ ஒரே வருடத்தில் நடந்ததுபோல ஆகிவிடும். 'எ ஸ்டெடி டிக்லைன்' என்பதே பொருந்தும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மொத்தக் குறைவு பெரியது, ஆனால் மெதுவாக நடந்தது என்றால் என்ன செய்வது? நம் தமிழ்ப்பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் 880க்கும் மேல் இருந்தவை இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன, சிறிய பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எண்ணைப் பார்த்தால் பெரிய இழப்பு. ஆனால் அது பல பத்தாண்டுகளில் பரவிக் கிடக்கிறது. இந்த இடத்தில் அளவைச் சொல்லும் சொல்லை எடுத்துக் கால அளவைப் பக்கத்திலேயே வையுங்கள்: 'எ சப்ஸ்டான்ஷியல் டிக்லைன் ஓவர் சிக்ஸ் டெக்கேட்ஸ்'. 'ஷார்ப்' இங்கே பொய் சொல்லும். இதை நான் வகுப்பில் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளைகள் சரியான சொல்லோடு போக வேண்டும். மிகைப்படுத்திய ஒரு சொல் போதும், எதிரில் இருப்பவர் எண்ணையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

கண்ணுக்கோ காதுக்கோ தெரிந்த குறைவுக்கு 'நோட்டிசபிள்'. வறண்ட ஜனவரி, பிப்ரவரியில் ஆயர் ஈத்தாம் அணைப் பக்கம் போய்ப் பார்த்தவர் 'எ நோட்டிசபிள் டிராப் இன் த வாட்டர் லெவல்' என்று எழுதலாம். பேரிங் மாற்றிய பிறகு மெஷின் சத்தம் குறைந்தால் 'எ நோட்டிசபிள் ரிடக்‌ஷன் இன் நாய்ஸ்'. கருவி வைத்து அளந்தால்தான் தெரியும் 0.3 சதவீதக் குறைவுக்கு இது ஒத்துவராது. 'நோட்டிசபிள்' என்ற சொல்லின் உடம்பிலேயே மனிதனின் கவனம் இருக்கிறது.

அதன் முறைசார்ந்த அண்ணன் 'மார்க்ட்'. 'எ மார்க்ட் டிக்ரீஸ்', 'எ மார்க்ட் டிக்லைன்', 'எ மார்க்ட் ரிடக்‌ஷன்' எல்லாம் மருத்துவ, ஆய்வு எழுத்தில் சாதாரணம். நம் ஆட்கள் இந்தச் சொல்லைத் தொடவே பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டாம். தாதியர் ரிப்போர்ட்டில் 'சிக்னிஃபிகன்ட்' என்று எழுதும் பல இடங்களில் 'மார்க்ட்' இன்னும் நன்றாக நிற்கும். படிக்கும்போது மட்டும் ஒரு கவனம்: 'மார்க்ட்' ஒரே அசை. ஆனால் 'மார்க்கிட்லி' என்று வினையடையாகும்போது மூன்று அசை.

அறிகுறி: 'எவ்வளவு குறைந்தது?' என்று மேலாளர் திரும்பக் கேட்கிறார், தாளில் எண் இருந்தும்

இது 'பை', 'டு' கோளாறு. 'ரிஜெக்ட் ரேட் ட்ராப்ட் 2 பெர்சென்ட்' என்று எழுதினால் 2 சதவீதத்துக்கு இறங்கியதா, 2 சதவீதம் இறங்கியதா என்று படிப்பவர் தடுமாறுவார். தமிழில் '2க்கு', '2ஆல்' என்று வேற்றுமை உருபு வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலை முன்னிடைச் சொல்லுடையது. அதை விட்டால் பொருள் தொங்கும்.

வினைச்சொல்லாக எழுதினால்: இறங்கிய தூரத்துக்கு 'பை', இறங்கி நின்ற இடத்துக்கு 'டு', கிளம்பிய இடத்துக்கு 'ஃப்ரம்'. பெயர்ச்சொல்லாக எழுதினால் குறைந்த பொருளுக்கு 'இன்', தூரத்துக்கு 'ஆஃப்'. 'எ டிராப் இன் சேல்ஸ்', 'எ டிராப் ஆஃப் 10 பெர்சென்ட்'. இரண்டும் சேர்ந்தால் 'எ டிராப் ஆஃப் 10 பெர்சென்ட் இன் சேல்ஸ்'. 'எ டிராப் ஆஃப் சேல்ஸ்' என்று எழுதுவதுதான் நம்மிடையே அதிகம். அதை 'இன்' ஆக்குங்கள்.

எண் ஏற்கெனவே சதவீதமாக இருந்தால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஓபிஆர் என்ற அடிப்படை வட்டி விகிதம் 2020 தொடக்கத்தில் 3.00 சதவீதம். ஜனவரியில் 2.75, மார்ச்சில் 2.50, மே மாதம் 2.00, ஜூலையில் 1.75. மொத்தம் எவ்வளவு குறைந்தது? '1.25 பெர்சென்ட்' என்று எழுதினால் தவறு. இரண்டு சதவீதங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் 'பெர்சென்டேஜ் பாயின்ட்'. எனவே 'ஃபெல் பை 1.25 பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 42 சதவீதக் குறைவு. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு எண். தொழிற்சாலையில் ரிஜெக்ட் ரேட் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானால் அது 2 பெர்சென்டேஜ் பாயின்ட் குறைவு. அதையே பாதியாகக் குறைந்தது என்று சொன்னாலும் சரி. '2 பெர்சென்ட் குறைந்தது' என்று எழுதுகிறவர் தன் குழு செய்த பெரிய வேலையைத் தானே சிறிதாக்கிக் காட்டுகிறார். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் செய்தாலே போதும் என்று சில மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மலேசியாவுக்கே உரிய ஒரு கோளாறையும் இங்கே சொல்ல வேண்டும். 20 சதவீதம் குறைந்தது என்பதை மலாயில் 'துருன் செபாஞாக் 20 பெராத்துஸ்' என்று எழுதுவது முறை. பள்ளியில் மலாய் வழியே படித்த பிள்ளைகள் அதை அப்படியே தூக்கி 'டிக்ரீஸ்ட் ஆஸ் மச் ஆஸ் 20 பெர்சென்ட்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஆஸ் மச் ஆஸ்' போட்டால் 'ஆச்சரியமாக, 20 வரைக்கும்கூட' என்ற தொனி வந்துவிடும். சில இடங்களில் 20க்கும் குறைவாகவும் இருந்தது என்று படும். நீங்கள் சொல்ல வந்தது நேராக 20 என்றால் 'பை 20 பெர்சென்ட்'. அவ்வளவுதான். உங்கள் பழைய ரிப்போர்ட்களைத் திறந்து 'ஆஸ் மச் ஆஸ்' என்று தேடிப் பாருங்கள், பத்துக்கு எட்டு இடத்தில் 'பை' வர வேண்டியிருக்கும்.

அறிகுறி: 'யார் குறைத்தது?' என்று கேட்கிறார்கள்

'த பிரைஸ் ரிடியூஸ்ட்', 'மை வெயிட் ரிடியூஸ்ட்'. இந்தக் கோளாறுக்கு மருந்து நம் தமிழிலேயே இருக்கிறது. 'குறைந்தது' தன்வினை, 'குறைத்தது' பிறவினை. சின்ன வயதிலேயே நமக்குப் பழகிய வேறுபாடு இது. 'ரிடியூஸ்' என்பது 'குறைத்தது'. அதற்குச் செய்கிறவர் ஒருவர் வேண்டும், குறைக்கப்பட்ட பொருள் ஒன்றும் வேண்டும். 'த கம்பெனி ரிடியூஸ்ட் த பிரைஸ்' சரி. தானாகக் குறைந்ததற்கு 'ஃபெல்', 'ட்ராப்ட்', 'டிக்லைண்ட்'. 'டிக்ரீஸ்' மட்டும் இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

பெயர்ச்சொற்களிலும் இதே கோடு ஓடுகிறது. 'ரிடக்‌ஷன்' என்றால் பெரும்பாலும் யாரோ திட்டமிட்டுச் செய்த குறைப்பு. 'கட்' இன்னும் அழுத்தமானது: 'பே கட்', 'ரேட் கட்', 'டீப் கட்ஸ்'. 'டீப்' என்ற அடைமொழி 'கட்ஸ்' பக்கம்தான் நிற்கும்; 'டீப் டிக்ரீஸ்' என்று எழுத வேண்டாம். பேங்க் நெகாரா ஓபிஆரைக் குறைத்தபோது அது 'ரேட் கட்'. பெட்ரோல் விலை உலகச் சந்தையோடு சேர்ந்து இறங்கியபோது அது 'ஃபால்'.

ரிப்போர்ட்டில் இது வெறும் மொழிப் பிரச்சினையாக நின்றுவிடாது. உங்கள் குழு முயன்று ஸ்கிராப்பை (கழிவாகப் போகும் பொருளை) குறைத்திருந்தால் 'தேர் வாஸ் எ டிராப் இன் ஸ்கிராப்' என்று எழுதாதீர்கள். ஏதோ மழை நின்றதுபோல அது தானாக நடந்ததாகத் தெரியும். 'வி அச்சீவ்ட் எ சப்ஸ்டான்ஷியல் ரிடக்‌ஷன் இன் ஸ்கிராப்' என்று எழுதுங்கள். 'ரிடக்‌ஷன்' என்பதோடு 'அச்சீவ்', 'மேக்', 'பிரிங் அபௌட்' எல்லாம் வரும். 'டிராப்', 'டிக்லைன்' பக்கம் 'சீ', 'ஷோ', 'எக்ஸ்பீரியன்ஸ்', 'சஃபர்' வரும். 'கெட் எ டிக்ரீஸ்', 'டூ எ டிக்ரீஸ்' இரண்டும் வேண்டாம்.

அறிகுறி: ஆட்களே சுருங்கிப் போனதுபோல வாக்கியம் படுகிறது

'கஸ்டமர்ஸ் டிக்ரீஸ்ட்', 'டூரிஸ்ட்ஸ் ட்ராப்ட்'. 'தைப்பூசம் முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ஆட்கள் குறைவதில்லை, ஆட்களின் எண்ணிக்கைதான் குறைகிறது: 'த நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ் ஃபெல் நோட்டிசபிளி'. எண்ண முடியாததற்கு 'அமவுன்ட்' அல்லது 'லெவல்', உற்பத்திக்கு 'அவுட்புட்' அல்லது 'வால்யூம்', பழுதுக்கு 'ரேட்'. வெப்பம், அழுத்தம், விலை, விற்பனை இவையெல்லாம் தாமே அளவுகள். அவற்றுக்கு முன்னால் எதுவும் தேவையில்லை.

அறிகுறி: சின்னக் குறைவுக்குப் பெரிய சத்தம்

'டிராஸ்டிக்' என்ற சொல்லை மலேசியாவில் நாம் மிக அதிகமாகச் செலவழிக்கிறோம். மலாய்ச் செய்திகளில் 'டிராஸ்திக்' அடிக்கடி வருவதால் அது காதில் சாதாரணச் சொல்லாகிவிட்டது. 3 சதவீதக் குறைவுக்கு 'டிராஸ்டிக் டிராப்' என்று எழுதிய தாள்கள் என்னிடம் நிறைய வருகின்றன. ஆங்கிலத்தில் 'டிராஸ்டிக்' கடுமையான நடவடிக்கையின் வாடை உள்ள சொல். 'டிராஸ்டிக் மெஷர்ஸ்', 'டிராஸ்டிக் கட்ஸ்', 'எ டிராஸ்டிக் ரிடக்‌ஷன் இன் ஸ்டாஃப்' போன்றவற்றில்தான் அதன் முழு பலம் தெரியும்.

சின்னக் குறைவுக்கு 'ஸ்லைட்' போதும்: 'எ ஸ்லைட் டிராப்', 'எ ஸ்லைட் டிக்ரீஸ்'. கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது என்றால் 'டிப்'. 'எ ஸ்லைட் டிப் இன் அவுட்புட் டியூரிங் த தீபாவளி வீக்' என்று எழுதினால் அடுத்த வாரம் சரியாகிவிட்டது என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. நிரந்தரமாக இறங்கியதற்கு 'டிப்' போடாதீர்கள், மேலிடத்துக்குத் தவறான நம்பிக்கை கொடுத்ததாகும்.

எதிர்ப்பக்கத்தில் 'பிளஞ்ச்', 'பிளம்மெட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. பெரும் வீழ்ச்சி அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 'பிளம்மெட்டட் ஸ்லைட்லி' அர்த்தமற்றது. 'பிளம்மெட்டட் சிக்னிஃபிகன்ட்லி' வீண். தனியாக விடுங்கள்: 'அரைவல்ஸ் பிளஞ்ச்ட் பை ஓவர் 80 பெர்சென்ட்'. சந்தைத் தேவையோ விற்பனையோ இறங்கி அப்படியே படுத்துவிட்டால் 'ஸ்லம்ப்': 'எ ஸ்லம்ப் இன் டிமாண்ட்'. பொருளாதாரத்துக்கென்று தனியாக 'கான்ட்ராக்ட்', 'ஷ்ரிங்க்' உண்டு. 2020 இரண்டாம் காலாண்டில் மலேசியப் பொருளாதாரம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டால் 17.1 சதவீதம் சுருங்கியதாக அப்போது அறிவிக்கப்பட்டது. அதை ஆங்கிலச் செய்திகள் 'கான்ட்ராக்டட் பை 17.1 பெர்சென்ட்' என்றுதான் எழுதும்.

அறிகுறி: கியூஏ (தர உறுதிப் பிரிவு) ஆள் 'டெஸ்ட் செய்தீர்களா?' என்று கேட்கிறார்

நீங்கள் 'சிக்னிஃபிகன்ட்' என்று எழுதியிருப்பீர்கள். புள்ளியியல் தெரிந்தவர் காதில் அது ஒரு உறுதிமொழி. இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று என்பது அதன் பொருள். பெரிய குறைவு என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். ரொம்பச் சின்ன வித்தியாசம்கூட மாதிரிகள் ஏராளமாக இருந்தால் அந்தப் பரிசோதனையில் தேறிவிடும். பெரிய வித்தியாசம்கூட மாதிரிகள் போதாவிட்டால் தேறாது. ஆகவே லேப், கியூஏ, மருத்துவ ஆய்வு எழுத்துகளில் பரிசோதனை செய்யாத வரைக்கும் 'சிக்னிஃபிகன்ட்' வேண்டாம். 'சப்ஸ்டான்ஷியல்', 'மார்க்ட்', 'கன்சிடரபிள்' என்று மாற்றிவிடுங்கள். மார்க்கெட்டிங் ரிப்போர்ட்டில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அறிகுறி: நோயாளியைப் பற்றிய குறிப்பு அந்நியமாக ஒலிக்கிறது

தாதியர் கவனிக்க. உடம்பைப் பற்றிய சில குறைவுகளுக்கு ஆங்கிலத்தில் 'டிக்ரீஸ்' வருவதே குறைவு, 'லாஸ்' தான் வழக்கம்: 'வெயிட் லாஸ்', 'ஹியரிங் லாஸ்', 'லாஸ் ஆஃப் அபிடைட்'. எடை நிறையக் குறைந்திருந்தால் 'சிக்னிஃபிகன்ட் வெயிட் லாஸ்' என்பது மருத்துவக் குறிப்புகளில் நிலைபெற்ற தொடர். மேலே சொன்ன எச்சரிக்கை இதற்குப் பொருந்தாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் 'எ சடன் டிராப் இன் பிளட் பிரஷர்'. சிறுநீர் குறைவாகப் போனால் 'ரிடியூஸ்ட் யூரின் அவுட்புட்'. இங்கே 'ரிடியூஸ்ட்' அடைமொழியாக நிற்கிறது, 'யார் குறைத்தது' என்ற கேள்வி எழாது. 'வெரி லெஸ் யூரின்' என்று எழுதும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஷிப்ட் மாறும்போது அடுத்தவர் உங்கள் குறிப்பை நம்பித்தான் நோயாளியைப் பார்க்கிறார்.

அறிகுறி: 'மூன்று மடங்கு குறைந்தது' என்பதை மொழிபெயர்த்து எல்லாரையும் குழப்பிவிட்டீர்கள்

'த்ரீ டைம்ஸ் லெஸ்' வேண்டாம். 90 என்பது 30 ஆனால் 'ஃபெல் டு எ தேர்ட் ஆஃப் இட்ஸ் ஃபார்மர் லெவல்'. 90 என்பது 45 ஆனால் 'ஹால்வ்ட்' அல்லது 'ஃபெல் பை ஹாஃப்'. மடங்கை ஏற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இறக்கத்துக்குப் பின்னம்.

அறிகுறி: ஒரே பக்கத்தில் 'டிக்ரீஸ்' ஏழு தடவை

ஐயெல்ட்ஸ் அகாடெமிக் எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். சொல்வளத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. பேண்ட் 7க்கான விளக்கத்தில் சொற்சேர்க்கை பற்றிய உணர்வும் கேட்கப்படுகிறது. இதைக் கேள்விப்பட்டுப் பலர் அகராதியைத் திறந்து ஒத்த சொற்களை வரிசையாக இறைக்கிறார்கள். 'டிமினிஷ்', 'டுவிண்டில்', 'டிசென்ட்' எல்லாம் வந்து ஒன்றுகூடப் பொருந்தாமல் நிற்கும். அது வேண்டாம்.

சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டு வாக்கியத்தின் கட்டுமானத்தை மாற்றுங்கள். முதல் வாக்கியம் வினையும் வினையடையும்: 'சேல்ஸ் ஃபெல் ஷார்ப்லி இன் மார்ச்'. அடுத்தது பெயரும் அடைமொழியும்: 'தேர் வாஸ் எ ஷார்ப் ஃபால் இன் சேல்ஸ்'. மூன்றாவதில் காலத்தை எழுவாயாக்கலாம்: 'மார்ச் சா எ ஷார்ப் ஃபால் இன் சேல்ஸ்'. சொல் அதேதான், வாக்கியம் மூன்று விதம். இதோடு 'டிராப்', 'டிக்லைன்' இரண்டையும் சேர்த்தாலே ஒரு முழு விடைக்குப் போதும். மொத்தப் போக்கைச் சொல்ல 'எ டவுன்வர்ட் டிரெண்ட்' என்பதை எழுதுங்கள். 'டிக்ரீஸ் டவுன்', 'ரிடியூஸ் டவுன்', 'டிராப் டவுன்' என்று கூடவே 'டவுன்' ஒட்டாதீர்கள்.

மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2021 முதல் புதிய அமைப்பில் எழுத்துத் தேர்வின் முதல் கேள்வி கடிதத்துக்கோ மின்னஞ்சலுக்கோ பதில் எழுதுவது. அண்ணன், அக்கா வைத்திருந்த பழைய பயிற்சித் தாள்களில் வரும் வரைபடக் கேள்வியை நம்பி நாளைச் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி: எழுத்தில் சரி, பிரசென்டேஷனில் பேசும்போது புரியவில்லை என்கிறார்கள்

'டிக்ரீஸ்' பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில்: 'டீ-க்ரீஸ்'. வினைச்சொல்லாக வரும்போது இரண்டாம் அசையில். 'டிக்லைன்' எப்போதும் இரண்டாம் அசைதான். தயக்கமாக இருந்தால் 'டிராப்' என்று சொல்லிவிடுங்கள், ஒரே அசை, தவறவே தவறாது.

அறிகுறி எதிலும் சேரவில்லை, ஆனாலும் ஒரு ஜோடியின் மேல் சந்தேகம் இருக்கிறது

கூகுள் என்கிராம் வியூவர் இலவசம். இரண்டு தொடரையும் நடுவில் ஒரு காற்புள்ளி வைத்து அடித்தால், அச்சான புத்தகங்களில் எது எவ்வளவு வருகிறது என்று இரண்டு கோடுகளாகக் காட்டும். 'ஷார்ப் டிக்ரீஸ்', 'ஹெவி டிக்ரீஸ்' இரண்டையும் போட்டுப் பாருங்கள், ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கும். எந்த அடைமொழி போடுவது என்றே தெரியாவிட்டால், அதன் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு ஓர் இடைவெளி விட்டு 'டிக்ரீஸ்' என்று அடியுங்கள். அந்த இடத்தில் அதிகம் வரும் பத்துச் சொற்களை அதுவே எடுத்துக் கொடுக்கும். அவற்றில் சில வெறும் 'த', 'எ' ஆக இருக்கும். தள்ளிவிட்டு மீதியைப் பாருங்கள். கிடைத்த சொல்லை உடனே எடுத்துப் போடாமல், மேலே சொன்ன நான்கு கேள்விகளில் எதற்கு அது பதில் சொல்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.

ஒரு வரம்பும் உண்டு. என்கிராம் புத்தகங்களைத்தான் பார்க்கிறது. 'யீல்ட்', 'ஸ்கிராப்', 'டவுன்டைம்' மாதிரி தொழிற்சாலைச் சொற்களுக்கு அங்கே கிடைப்பது கொஞ்சம். அதற்கு உங்கள் நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து வரும் காலாண்டு அறிக்கைகளைத் திறந்து, 'யீல்ட்' என்று தேடி, பக்கத்தில் எந்த வினை நிற்கிறது, எந்த அடைமொழி நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் மாணவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் நான் திருத்துவது பெரும்பாலும் காற்புள்ளிதான்.